கறுப்புத் தலை சிங்கர் 15கே: பழைய மிஷின் வாங்குமுன் எங்கே பார்க்க வேண்டும்

பழைய தையல் மிஷின் ஒன்றை வாங்கிச் சரிசெய்து, அதில் தினமும் தைக்கவும் வேண்டும் என்றால் தயங்காமல் சொல்லக்கூடிய மாடல் சிங்கர் 15கே. இதைவிட நுணுக்கமான பழைய மிஷின்கள் உண்டு. ஆனால் 15கே-க்கு மட்டும்தான் ஊசி, பாபின் (கீழ்நூல் சுற்றும் உருளை), பாபின் கேஸ் (அதை வைக்கும் கூடு), ஷட்டில் (கீழே மேல்நூலைப் பிடிக்கும் கொக்கி), பெல்ட் என்று எல்லாமே நம் ஊர் ஸ்பேர்ஸ் கடையில் இன்றைக்கும் கேட்டவுடன் கிடைக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பான்காரர்கள் இந்த அமைப்பை அப்படியே எடுத்துச் செய்தார்கள். அவர்கள் வைத்த எச்ஏ-1 என்ற பெயர்தான் இன்றைய ஊசிப் பாக்கெட்டில் எச்ஏ×1 என்று நிற்கிறது. 1930களின் நடுவில் கொல்கத்தாவில் தொடங்கிய உஷாவின் கறுப்பு மிஷின்களும், லூதியானாவில் இன்றும் வார்க்கப்படும் டெய்லர் மாடல் தலைகளும் (தலை என்பது ஸ்டாண்ட் இல்லாத மிஷின்) இதே வம்சம்தான். அதனால் எழுபது வயது 15கே-க்கு நேற்று வார்த்த பாபின் கேஸ் பொருந்துகிறது.

15 என்பது வகை எண். கே என்பது ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் இருந்த கில்போவி ஆலையின் முதலெழுத்து. 1880களில் எழுந்த அந்த ஆலை 1980இல் மூடப்பட்டது. பக்கத்து ரயில் நிலையத்தின் பெயர் மட்டும் இன்றும் சிங்கர்தான். தலையின் அடித்தட்டில் வலது பக்கம் வீலுக்குக் கீழே வரிசை எண் பொறித்திருக்கும். ஒய் என்ற ஒற்றை எழுத்தில் தொடங்கினால் 1920களிலிருந்து 1930களின் நடுப்பகுதிக்குள் செய்தது. இஏ, இஎஃப் போல ‘இ’யில் தொடங்கும் இரட்டை எழுத்து அதற்குப் பிந்தியது. வயதைத் தெரிந்துகொள்ள இது போதும். வயதுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தர வேண்டியதில்லை.

அந்த எண்ணைப் பார்ப்பதில் இன்னொரு லாபம் உண்டு. சந்தையில் பளபளவென்று நிற்கும் பழைய தலைகளில் பல, மறுபெயின்ட் அடித்து, புதிதாகத் தங்கப் பூ ஒட்டியவை. எண்ணின் பள்ளங்களுக்குள் பெயின்ட் தேங்கியிருந்தால், திருகுகளின் வாயில் கறுப்பு ஏறியிருந்தால், பித்தளை வில்லையின் ஓரத்தில் பெயின்ட் பூசியிருந்தால், அது மறுபெயின்ட்தான். பெயின்ட் அடித்தது குற்றமில்லை. எண்ணெய்த் துளைகளையும் அடைத்து அடித்திருப்பார்கள் என்பதுதான் பிரச்சினை. மங்கிப்போன, பூ தேய்ந்த, ஆனால் யாரும் கைவைக்காத தலைக்கே முதல் இடம் கொடுங்கள்.

மற்ற மாடல்களைப் பற்றிச் சுருக்கமாக. 28கே, 128கே இரண்டும் நீளமான படகு ஷட்டில் வகை. பார்க்கக் கொள்ளை அழகு, ஓட்டம் பட்டுப் போல இருக்கும். ஆனால் அந்த ஷட்டிலும் குச்சி பாபினும் தொலைந்தால் தேடி அலைய வேண்டும். 66கே, 99கே மிஷின்களில் பாபினை மேலிருந்தே போடலாம், பழகுகிறவர்களுக்கு வசதி. அவற்றின் பாபினுக்குப் பக்கங்கள் லேசாகப் புடைத்திருக்கும். நம் கடைகளில் கிடைக்கும் தட்டையான பாபினைப் போட்டால் நூல் இழுத்து இழுத்துப் போகும். 201கே நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம், சிங்கர் செய்த வீட்டு மிஷின்களில் ஆக நேர்த்தியானது அதுதான். கிடைப்பது அபூர்வம்.

வாங்கப் போகும்போது ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு புது 14ஆம் நம்பர் ஊசி, வெள்ளை, சிவப்பு நூல்கண்டு ஒவ்வொன்று, இரண்டு பாபின், ஒரு முழம் காடாத் துணி கொண்டுபோங்கள். முதலில் நூல் இல்லாமல் வீலை உங்களை நோக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். ஒரே சீராகக் கனமாக இருந்தால் உள்ளே எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கிறது, அதைக் கரைத்துவிடலாம். வீல் அசையவே இல்லை என்றாலும் பயப்பட வேண்டாம், விலை குறைக்க நல்ல காரணம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் மட்டும் தட்டினால்தான் கவனம் தேவை: பாபின் கேஸ் சரியாக உட்காராமல் இருக்கலாம், ஷட்டிலுக்குப் பின்னால் நூல் சிக்கியிருக்கலாம், அல்லது உள்ளே ஏதோ வளைந்திருக்கிறது.

பிறகு ஊசியைப் பிடித்திருக்கும் தண்டை, அதாவது நீடில் பாரைக் கீழே இறக்கி, இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். மயிரிழை அசைவு இருக்கும். கண்ணுக்குத் தெரிந்து லொடலொடத்தால் அந்தத் தலை கடையில் நாள் முழுக்க ஓடித் தேய்ந்தது. அதைச் சரியாக்க ஆகும் செலவில் வேறு தலை வாங்கிவிடலாம். ஊசி இறங்கும் தகட்டின், அதாவது நீடில் பிளேட்டின் துளையை நகத்தால் தடவுங்கள். ஊசி மோதி மோதி ஓரம் சிதைந்திருந்தால் நூல் பிரியும், அறும். பிளேட்டை மாற்றுவது சுலபம் என்பதால் இதற்காக விட்டுவிட வேண்டாம். துணியை நகர்த்தும் பல்லைத் தடவினால் முனைகள் விரலைப் பிடிக்க வேண்டும். வழவழவென்றிருந்தால் துணி நகராது. அதுவும் மாற்றக்கூடியதே.

ஆளை ஏமாற்றுவதும் காப்பாற்றுவதும் ஷட்டில்தான், அதில் நிதானமாக நேரம் செலவிடுங்கள். ஊசியை முழுக்க மேலே ஏற்றிவிட்டு, இடது பக்கத் தகட்டை இழுத்துத் திறந்து, பாபின் கேஸின் தாழ்ப்பாளைப் பிடித்து வெளியே எடுங்கள். உள்ளே ஷட்டிலைப் பிடித்திருக்கும் வளையத்தைச் சில தலைகளில் இரண்டு சின்னக் கொக்கிகள் தாங்கும். விரலால் இருபக்கமும் விரித்தால் கையோடு வந்துவிடும். சில தலைகளில் திருகு இருக்கும். வளையத்தை எடுத்ததும் பிறைநிலா வடிவில் ஷட்டில் வெளியே வரும். அதன் கூர்முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஒரு துண்டு நைலான் துணியில் லேசாக இழுத்துப் பாருங்கள். துணி கொக்கியில் மாட்டி இழை பிரிந்தால் முனையில் பிசிறு இருக்கிறது. மிக மெல்லிய உப்புத்தாளில் எண்ணெய் தொட்டு, முனையின் நீளவாக்கில் மட்டும் நாலைந்து முறை தேய்த்தால் போய்விடும். முனையே மழுங்கி உருண்டிருந்தால் எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை: தையல் தாண்டிக்கொண்டே இருக்கும். அப்போது புது ஷட்டில்தான் வழி. கடையில் கிடைப்பது லூதியானா வார்ப்பு. ஒன்றுக்கு மூன்றை எடுத்துப் போட்டு, வீலைச் சுற்றிப் பார்த்து, உரசாமல் ஓடுகிறதை வாங்குங்கள். பழையது தேறும் நிலையில் இருந்தால் அதை ஒருபோதும் தூக்கிப் போடாதீர்கள், அந்த இரும்பின் உறுதி வேறு.

திரும்பப் பூட்டும்போது பலர் தவறுகிற இடம் ஒன்று உண்டு. பாபின் கேஸிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பு, வளையத்தின் மேல்பக்க வெட்டுக்குள் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் ‘டக்’ என்று ஒரு சத்தம் தெளிவாகக் கேட்கும். அந்தச் சத்தம் வராமல் தைக்கத் தொடங்கினால் கேஸும் சேர்ந்து சுற்றும், ஊசி அதன்மேல் இறங்கி முறியும். முறிந்த ஊசியின் தழும்பு பாபின் கேஸின் முகத்தில் புள்ளி புள்ளியாக இருந்தால், முன்பு வைத்திருந்தவர் இப்படித்தான் ஓட்டியிருக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம்.

சுத்தம் செய்வது

உள்ளே சுத்தம் செய்ய மண்ணெண்ணெய் போதும். பழைய சிங்கரின் தங்கப் பூ வேலைக்கு மேல் பூசியிருக்கும் மெருகு அரக்கு. ஸ்பிரிட், சானிடைசர், தின்னர் எது பட்டாலும் அரக்கு கரைந்து வெள்ளை பூத்துவிடும், பூவும் கையோடு வரும். நூறாண்டு தாங்கிய எழுத்து ஒரே துடைப்பில் போவதைப் பார்த்தால் மனம் ஆறாது. ஆகவே கறுப்புப் பகுதியைத் தையல் மிஷின் எண்ணெய் தொட்ட பஞ்சால் மட்டும் துடையுங்கள். முதல் நாள் பூசி ஊறவிட்டு, மறுநாள் துடைத்தால் அழுக்கு பழுப்பாகப் பிரிந்து வரும். பூ இருக்கும் இடத்தில் அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

உள் இயந்திரத்துக்கு: இடது பக்க முகத்தகட்டைக் கழற்றுங்கள், தலையைப் பின்னால் சாயுங்கள். இரும்பும் இரும்பும் உரசும் ஒவ்வொரு இடத்திலும், மேலுள்ள ஒவ்வொரு துளையிலும் இரண்டு மூன்று சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, வீலை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்து, அப்படியே ஒரு இரவு விடுங்கள். இறுகிப்போன தலைக்கு மூன்று நான்கு நாள்கூட ஆகும். வீலைப் பிடித்து முரட்டுத்தனமாகத் திருகவே கூடாது. அசையத் தொடங்கியதும் அழுக்கு கலந்த மண்ணெண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, உடனே வெள்ளை மிஷின் எண்ணெய் விட வேண்டும். மண்ணெண்ணெய் கரைக்கும், வழுக்காது; அதோடு ஓட்டினால் இரும்பு தேயும். தேங்காய் எண்ணெய் விடுகிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. மிஷின் இறுகிப்போவதற்குப் பாதிக் காரணம் அதுதான். ஓட்டத்துக்கு வந்த பிறகு, தினமும் தைப்பவர்கள் நாளுக்கு ஒருமுறை துளைக்கு ஒரு சொட்டு, எப்போதாவது தைப்பவர்கள் உட்காரும்போதெல்லாம் ஒரு சொட்டு. ஷட்டில் ஓடும் தடத்தில் ஒரு சொட்டுதான். கூடினால் துணியில் கறை.

வீலின் நடுவில் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் தளர்த்தினால் ஊசி நிற்க, வீல் மட்டும் சுற்றும். பாபின் சுற்றுவதற்கான ஏற்பாடு. அதற்குள் மூன்று காதுள்ள வாஷர் ஒன்று இருக்கும். சுத்தம் செய்து மாட்டிய பிறகு சக்கரத்தை இறுக்கினாலும் ஊசி ஓடாமல் இருந்தாலோ, தளர்த்தவே முடியாமல் போனாலோ எதுவும் கெட்டுவிடவில்லை. வாஷரை எடுத்து அரைவட்டம் திருப்பிப் போடுங்கள், சரியாகிவிடும். கழற்றும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் இந்தத் தலைவலியே இல்லை.

டென்ஷன், ஊசி

15கே-யின் டென்ஷன், அதாவது மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் அமைப்பு, இடது முகத்தகட்டில் இருக்கிறது. துணியை அழுத்தும் பிரஷர் ஃபுட்டைத் தூக்கினால் நூல் தடையில்லாமல் ஓட வேண்டும், இறக்கினால் பிடிக்க வேண்டும். தூக்கியும் விடவில்லை என்றால், நடுவில் இருக்கும் சிறு ஊசிக்குச்சி வளைந்திருக்கிறது, அல்லது யாரோ கழற்றி வரிசை மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள். இறக்கியும் பிடிக்கவில்லை என்றால் தட்டுகளுக்கு நடுவே துருவோ பஞ்சோ அடைத்திருக்கிறது. கழற்றும்போது ஒவ்வொரு துண்டையும் கழற்றிய வரிசையிலேயே ஒரு துணியில் இடமிருந்து வலமாக வையுங்கள். இரண்டு தட்டுகளும் புடைத்த முகங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி சேர வேண்டும். உள்பக்கம் கண்ணாடி போல இருக்க வேண்டும்.

அதே இடத்தில் இருக்கும் மெல்லிய கம்பிச் சுருளை, செக் ஸ்பிரிங்கை, பலர் கவனிப்பதே இல்லை. ஊசி கீழே வரும்போது அது நூலைத் தளராமல் பிடித்துக்கொண்டு, ஊசிமுனை துணியைத் தொடும் நேரத்தில் தன் ஆட்டத்தை முடிக்க வேண்டும். ஒடிந்தாலோ தளர்ந்தாலோ தளர்ந்த நூலை ஊசி குத்தும், அடிக்கடி நூல் அறும். இதன் விலை மிகக் குறைவு. டென்ஷன் திருகையே திருகிக்கொண்டு நாள்கணக்கில் மல்லாடுகிறவர்கள் முதலில் இதைப் பார்க்கட்டும்.

சரிபார்ப்பதில் கீழ்நூலுக்குத்தான் முதலிடம். பாபினைக் கேஸில் போடும்போது நூல் காடிக்குள் ஏறி, வந்த திசைக்கு எதிராக மடங்கி, தகட்டு ஸ்பிரிங்குக்கு அடியில் போக வேண்டும். கேஸை நூலில் தொங்கவிட்டு லேசாக உதறினால் இரண்டு விரற்கடை இறங்கி நிற்க வேண்டும். சரசரவென்று இறங்கினால் இறுக்கம் போதவில்லை, அசையவே இல்லை என்றால் அதிகம். ஸ்பிரிங்கில் இரண்டு திருகுகள் உண்டு. ஓரத்தில் இருப்பது ஸ்பிரிங்கைப் பிடித்திருப்பது, அதைத் தொடாதீர்கள். நடுவில் இருப்பதை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டாம். திருப்பும் முன் ஸ்பிரிங்குக்கு அடியில் காகித ஓரத்தை விட்டு இழுத்துப் பாருங்கள். பாதிச் சமயம் அங்கே சிக்கிய பஞ்சுத் தூசிதான் காரணம். பிறகு மேலே வெள்ளை, கீழே சிவப்பு நூல் போட்டுக் காடாத் துணியை இரண்டாக மடித்துத் தையுங்கள். மேல்பக்கம் சிவப்புப் புள்ளி தெரிந்தால் மேல் டென்ஷனைத் தளர்த்துங்கள். கீழ்ப்பக்கம் வெள்ளை நூல் கண்ணி கண்ணியாகத் தொங்கினால் குறை கீழே இருப்பதாக நினைத்து ஷட்டிலைக் கழற்றத் தொடங்கிவிடுவார்கள். குறை மேலேதான்: நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே இறங்கவே இல்லை. ஃபுட்டைத் தூக்கிவிட்டு மறுபடி நூல் கோத்தால் தீரும்.

ஊசி எச்ஏ×1 மட்டுமே. ஒரு பக்கம் தட்டையான தலை உள்ளது. அந்தத் தட்டைப் பக்கம் இடது புறம் பார்க்க, நூல் வலமிருந்து இடமாகக் கோர்க்க வேண்டும். உருண்டைத் தலை கொண்ட பவர் மிஷின் ஊசி உள்ளே நுழையத்தான் செய்யும், ஆனால் அதன் அளவு வேறு. ஷட்டில் நூலைப் பிடிக்காது. பிடிக்கவில்லையே என்று யாரோ நீடில் பாரை இறக்கியிருப்பார்கள், அதற்குப் பிறகு சரியான ஊசி போட்டாலும் தையல் விழாது. ‘டைமிங் (ஊசியும் ஷட்டிலும் சந்திக்கும் நேரம்) போய்விட்டது’ என்று தள்ளிவிடப்படும் 15கே-க்களில் பெரும்பாலானவற்றுக்கு நடந்தது இதுதான். ஊசி மிகக் கீழே போய்த் திரும்பி ஏறும்போது, ஷட்டில் முனை ஊசிக் கண்ணுக்குச் சற்று மேலே, ஒன்றரை மில்லிமீட்டர் அளவில், ஊசியை ஒட்டிக் கடக்க வேண்டும். முகத்தகட்டுக்குள் நீடில் பாரைப் பிடிக்கும் திருகைத் தளர்த்தி அந்த உயரத்துக்குக் கொண்டுவந்து இறுக்கினால் மிஷின் பிழைத்துக்கொள்ளும். பாரை ஏற்றி இறக்கும்போது அது தன்னைத்தானே சுற்றிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டம் எப்படி

நேர்த்தையல் ஒன்றுதான் இதன் வேலை. அதை இன்றைய பிளாஸ்டிக் உடல் மிஷின்கள் எட்ட முடியாத நேர்த்தியில் செய்கிறது. 11ஆம் நம்பர் ஊசியில் மல்மல், 14இல் ரவிக்கைத் துணியும் லைனிங்கும், 16இல் நாலு மடிப்பு ஜீன்ஸ் என்று டென்ஷனை லேசாக மாற்றினாலே போதும். ஜீன்ஸ் மடிப்பு சேரும் தடித்த முடிச்சில் வீலைக் கையால் நாலு சுற்றுச் சுற்றிக் கடந்துவிடுங்கள். ஜிக்ஜாக் கிடையாது, காஜா தனியாக இணைப்புக் கருவி இல்லாமல் வராது. பனியன் துணிக்கு வேண்டாம்: துணி இழுபடும்போது நேர்த்தையல் அறுந்துவிடும். பழைய தலைகளில் பின்தையலும் இல்லை. முடிவில் துணியைத் திருப்பி நாலு தையல் போட வேண்டும். பிரஷர் ஃபுட் சாதாரண குட்டைத் தண்டு வகை என்பதால் இன்று விற்கும் ஜிப் ஃபுட், ஓரம் மடிக்கும் ஃபுட் எல்லாம் ஏறும்.

மிதி ஸ்டாண்டில் ஓட்டுவதே இந்த மிஷினுக்கு அழகு. பெல்ட் தோலாக இருக்கட்டும், கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் தடிமன். வெட்டும்போது சற்று நீளமாகவே வெட்டுங்கள். ஒரு வாரத்தில் தளரும், அப்போது அரை அங்குலம் குறைக்கலாம். ரொம்ப இறுக்கினால் மிதிக்கவே கனக்கும். பாபின் சுற்றும் சக்கரத்தின் ரப்பர் வளையம் கல்லாகியிருந்தால் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பாபின் தளர்வாகச் சுற்றி டென்ஷன் கெடும். கைப்பிடி மாட்ட நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: கைப்பிடியின் விரல் வீலின் ஆரங்களுக்கு நடுவே நுழைந்துதான் சுழற்றும். ஆரமில்லாத முழுவீல் உள்ள தலைக்குக் கைப்பிடி வேலை செய்யாது. மோட்டார் போடலாம், ஓடும், தேவையென்று தோன்றவில்லை.

1924இல் சாந்திநிகேதன் மாணவர் ஜி. ராமச்சந்திரன், பின்னாளில் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை உருவாக்கியவர், எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று காந்தியைக் கேட்டார். காந்தி விதிவிலக்காகச் சொன்னது சிங்கர் தையல் மிஷினை. மிதியில் கால் வைத்து, ஒரு பைசா மின்கட்டணமும் இல்லாமல் ஒரு நாள் தைத்துப் பார்த்தால் அந்த விதிவிலக்கு விளங்கும்.

விலை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ‘ஆன்டிக்’ என்ற சொல்லுக்குக் காசு தர வேண்டாம். லட்சக்கணக்கில் செய்து உலகம் முழுக்க அனுப்பிய மிஷின் இது, அபூர்வப் பொருளல்ல. பழைய சிங்கருக்குள் ‘சிவப்புப் பாதரசம்’ இருக்கிறது என்று 2009இல் சவூதி அரேபியாவில் கிளம்பிய வதந்தியில் பலர் பெரும் பணத்தை இழந்தார்கள். அப்படி ஒரு பொருள் எந்தத் தையல் மிஷினிலும் கிடையாது. ஓடும் நிலையில், ஷட்டிலும் நீடில் பாரும் நன்றாக இருக்கும் தலைக்குப் புது டெய்லர் மாடல் தலையின் விலையில் பாதி தரலாம். இறுகிக் கிடப்பதற்குக் கால்வாசி. பூ வேலை அப்படியே இருந்தால் உங்கள் ஆசைக்கு ஏற்ப.

வாங்கியாயிற்று என்றால், வீட்டுக்குக் கொண்டுவரும் வழியில்தான் நிறைய தலைகள் உடைகின்றன. ஸ்டாண்டோடு சேர்த்து ஆட்டோவில் ஏற்றாதீர்கள். பெல்ட்டைக் கழற்றி, தலையைப் பின்னால் சாய்த்து, அடித்தட்டின் பின்விளிம்பில் கீல் நுழையும் இரண்டு துளைகளிலும் இருக்கும் சிறு திருகுகளைத் தளர்த்தினால் தலை தனியாக எழும்பி வரும். சாய்க்கும்போது ஒரு கை எப்போதும் தலையின் கழுத்தில் இருக்கட்டும், வார்ப்பிரும்பு விழுந்தால் வளையாது, உடையும். பழைய போர்வையில் சுற்றி, படுக்கவைக்காமல் நிமிர்த்தி, மடியிலோ காலடியிலோ வைத்துக் கொண்டுவாருங்கள். பாபின் கேஸை மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.